பழைய பிளசர் வண்டிக்கு மதிப்புப் போடுவது எப்படி?

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் ஐந்து கிலோமீட்டர்ச் சாலையில் வண்டிகளுக்குக் குறைவிராது. இன்று அங்கே வரிசையாக நிற்பவற்றைக் 'கார்' என்கிறோம். நம் தாத்தா பாட்டிமார் அப்படிச் சொல்லவில்லை. 'பிளசர்' என்றே சொன்னார்கள். வாடகைக்கும் சரக்குக்கும் அல்லாமல், சொந்த உல்லாசப் பயணத்துக்கென்று வைத்திருக்கும் வண்டி என்ற பொருளில் வழங்கிய 'பிளஷர் கார்' என்னும் பெயரே நம் நாவில் அப்படித் திரிந்தது.

அத்தகைய பிளசர் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் செய்யப்பட்ட உயர்வகை வண்டி அது. பல ஆண்டுகளாக ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் விலை என்ன?

காயலான் கடைக்காரரைக் கேட்டால் எடை போட்டுச் சொல்வார். தரகரைக் கேட்டால், வெளிநாட்டு ஏலத்தில் இதுபோன்ற வண்டி பல கோடிக்குப் போனதாம் என்பார். முன்னவர் சொல்வது மிகக் குறைவு. பின்னவர் சொல்வது வேறொரு வண்டியின் விலை. சரியான மதிப்பைச் சொல்ல வேண்டுமானால் இயந்திர அறிவு வேண்டும். அதைவிட முக்கியமாக வரலாற்று அறிவு வேண்டும். பழைய வண்டியை மதிப்பிடுவது ஒரு வகையில் வரலாற்று ஆராய்ச்சியே. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

மாற்றிப் பொருத்தும் கலை

இந்தக் கதை இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டு நடந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறது. அக்காலத்தில் ஐரோப்பிய மோட்டார் வண்டிகள் கைவேலையால் உருவானவை. ஒரு வண்டியின் பாகம் அதே நிறுவனத்தின் மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. பொறிவினைஞர் அரத்தால் ராவி ராவித்தான் அதைப் பொருத்த வேண்டும். அமெரிக்கக் கேடிலாக் நிறுவனத்தை நடத்திவந்த ஹென்றி லேலண்ட் துல்லியமான அளவு வேலையில் தேர்ந்தவர். தம் வண்டிகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவை என்பது அவருடைய பெருமை.

அதைச் சோதிக்க ராயல் ஆட்டோமொபைல் கிளப் என்னும் சங்கம் முன்வந்தது. புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று கேடிலாக் வண்டிகளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். சில பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரிடம் இருப்பிலிருந்த உதிரிப் பாகங்களை வைத்தார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து மூன்று வண்டிகளைச் சாதாரணக் கருவிகளால் மீண்டும் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின! கேடிலாக் நிறுவனம் அச்சங்கத்தின் டூவர் பரிசைப் பெற்றது. அமெரிக்க மோட்டார்த் தொழிலின் புகழ் உலகெங்கும் பரவியது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எந்தப் பாகத்தையும் மாற்றிக்கொள்ளலாம்' என்பது 1908இல் இந்த வண்டிகளின் சிறப்பு. நூறாண்டு கடந்த பின்னர் அதே வண்டியை வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, 'இதில் எந்தெந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள்?' என்பதுதான். அன்று புகழுக்குக் காரணமாக இருந்த குணமே இன்று ஐயத்துக்குக் காரணமாகிவிட்டது. மதிப்பீட்டுக் கலை முழுவதும் இந்த முரண்பாட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

உயர்வகை வண்டிகளின் காலம்

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இரண்டு வகை வண்டிகள் உருவாயின. ஒன்று, எல்லோருக்கும் எட்டும் விலையில் போர்டு போன்றோர் செய்தது. மற்றொன்று, செல்வர்களுக்கென்றே பேக்கார்டு, கேடிலாக், லிங்கன், பியர்ஸ் ஆரோ, டூசன்பெர்க் முதலிய நிறுவனங்கள் செய்தது.

கேடிலாக் நிறுவனம் 1930ஆம் ஆண்டு தொடக்கத்தில் 16 சிலிண்டர்கள் கொண்ட வண்டியை வெளியிட்டது. அதன் எஞ்சின் கொள்ளளவு 452 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ 7.4 லிட்டர். 1940 வரையில் செய்யப்பட்ட 16 சிலிண்டர் கேடிலாக்குகள் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சமே.

டூசன்பெர்க் நிறுவனத்தின் 'ஜே' வண்டி 1928 டிசம்பரில் வெளிவந்தது. எட்டுச் சிலிண்டர்கள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், 265 குதிரைத் திறன் என்று நிறுவனம் அறிவித்தது. அதே காலத்து போர்டு 'ஏ' வண்டியின் திறன் 40 குதிரைத் திறன்தான். போர்டு வண்டி ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தபோது, டூசன்பெர்க்கின் வெறும் சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் மட்டும், 8,500 டாலர். மேற்கூட்டை வேறொரு நிறுவனத்திடம் தனியே சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டும். 1937இல் நிறுவனம் மூடப்படும்வரை ஏறக்குறைய 480 'ஜே' வண்டிகளே உருவாயின.

அவற்றுள் ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. இந்தூர் மன்னர் இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930களின் நடுவில் ஒரு டூசன்பெர்க்குக்கு ஆணை கொடுத்தார். அமெரிக்காவில் செய்த சேசிஸ் இலண்டனுக்குச் சென்றது. அங்கே கர்னி நட்டிங் என்ற நிறுவனம் அதற்கு மேற்கூடு கட்டியது. அந்த வண்டி பின்னாளில் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டது. அமெரிக்கச் சேசிஸ், ஆங்கிலக் கூடு, இந்திய உரிமையாளர் என்ற இந்த மூன்று செய்திகளுக்கும் சான்று இருப்பதால்தான் அந்த வண்டிக்கு உலகப் புகழ். சான்று இல்லையென்றால் அது விசித்திரமான கூடு கொண்ட ஒரு பழைய வண்டி மட்டுமே.

நம் பக்கம் வந்த கதை

இந்தியச் சாலைகளுக்கு அமெரிக்க வண்டிகள் பொருத்தமாக இருந்தன. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையில் போதிய உயரம் இருந்தது. பெரிய எஞ்சின் ஆதலால் அடிக்கடி கியர் மாற்றாமல் மேடு ஏறலாம். கனடாவிலிருந்த போர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் தன் கிளையை அமைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. செவர்லே போன்றவை ஓரளவு எண்ணிக்கையில் வந்தன. கேடிலாக், பேக்கார்டு போன்றவை மிகச் சிலவே வந்தன.

சேசிஸை மட்டும் வரவழைத்து, மேற்கூட்டை இங்கேயே கட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. சென்னையில் 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலைத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், மோட்டார் யுகம் வந்ததும் மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டியது. ஆகவே ஓர் அமெரிக்க வண்டியில் சென்னை நிறுவனத்தின் தகடு காணப்பட்டால் உடனே அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது அந்தச் சேசிஸில் அமர்ந்த முதற்கூடு என்று தெரிந்தால் அதுவே அசல்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1947 முதல் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. இவற்றுள் பல, கூடும் எஞ்சினும் ஒன்றாகவே இருந்து பெயர்த் தகடு மட்டும் மாறியவை. பெயரை மட்டும் பார்த்து விலை பேசுவோர் இங்கே ஏமாறுவார்கள். உள்நாட்டிலேயே முழு வண்டியையும் தயாரிக்கத் திட்டமுள்ள நிறுவனங்களுக்கே இனி இடம் என்று அரசு முடிவு செய்தபின், ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் 1954க்குள் தங்கள் இந்தியத் தொழிற்கூடங்களை மூடின. இறக்குமதி அருகியது, உதிரிப் பாகங்களும் அருகின.

அப்போது நம் ஊர்ப் பட்டறைகள்தாம் இந்த வண்டிகளைக் காப்பாற்றின. பிஸ்டன் இல்லையென்றால் லாரிப் பிஸ்டனைக் கடைந்து போட்டார்கள். புஷ், பின், பல்சக்கரம் எல்லாம் லேத்தில் உருவாயின. பெட்ரோல் செலவு தாங்காதவர்கள் எஞ்சினையே கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். சென்னையில் சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது இதற்கு வாய்ப்பாக அமைந்தது. கழற்றப்பட்ட அசல் எஞ்சின் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. வண்டி பிழைத்தது, ஆனால் அதன் அடையாளத்தில் பாதி போய்விட்டது.

எண்களும் கல்வெட்டும்

மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது பளபளப்பை அன்று, எண்களை. எஞ்சினில் ஓர் எண், சேசிஸில் ஓர் எண், கூட்டில் ஓர் எண் என்று தனித்தனியே பொறித்திருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். போருக்கு முந்திய கேடிலாக்கில் எஞ்சின் எண்ணே வண்டியின் அடையாள எண். பேக்கார்டில் எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் ஒரு சிறு பலகை இருக்கும். விற்பனையாளர் பெயரையும் வண்டியை ஒப்படைத்த நாளையும் அதில் பொறிப்பார்கள். டூசன்பெர்க் வண்டிகளை, அவற்றுக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் சங்கத்தார் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சான்று தருகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது சேர்ந்திருந்த எஞ்சினும் சேசிஸும் கூடும் இன்னும் சேர்ந்தே இருந்தால் வண்டியின் மதிப்பு உச்சத்தில் நிற்கும்.

போக்குவரத்து அலுவலகத்தில் சேசிஸ் எண்ணின்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கோயில் சுவரிலுள்ள கல்வெட்டின்மீது ஈரத் தாளை ஒற்றி மை தடவிப் படி எடுப்பதும் இதே முறைதான். இரண்டிலும் நோக்கம் ஒன்றே. எழுத்தின் ஆழம், வடிவம், வரிசை, இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு, அது அக்காலத்தில் வெட்டியதா, பிற்காலத்தில் சேர்த்ததா என்று அறியலாம். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, ஒட்டுப் போட்ட தடமோ இருந்தால் ஐயப்பட வேண்டும். எண் தெளிவாகத் தெரியவில்லையே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பெருந்தவறு. சான்றையே அழித்த செயலாகிவிடும்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதும் ஒரு சான்று. அமெரிக்காவில் அது இடப்பக்கம். நம் நாட்டுக்கென ஏற்றுமதியான வண்டியில் தொழிற்சாலையிலேயே வலப்பக்கம் பொருத்தியிருப்பார்கள். பின்னாளில் இங்கே மாற்றியிருந்தால், சேசிஸின் இடப்பக்கத்தில் பழைய துளைகளும், மிதிகள் இருந்த இடத்தில் ஒட்டுத் தகடுகளும் காணப்படும். குனிந்து பார்ப்பவருக்கு அவை தப்பாது.

அடுத்தது ஆவணங்கள். தென்காசி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில கிலோமீட்டர் மேற்கே இருக்கும் செங்கோட்டையோ 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை வேறு ஆட்சியில், திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாக இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தாருக்குக் குற்றாலத்தில் ஓர் அரண்மனையும் இருந்தது. பின்னர் அது கேரள அரசின் வசம் வந்தது. ஆகவே இந்தச் சாலையில் ஓடிய ஒரு பழைய வண்டியின் முதற்பதிவு சென்னை மாகாணத்திலும் இருந்திருக்கலாம்; மலைக்கு அப்பாலும் இருந்திருக்கலாம். ஒரு பக்கத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பழைய ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுத் தாள், பட்டறை ரசீது ஆகிய ஒவ்வொன்றும் சான்றே. இவற்றோடு குடும்பப் புகைப்படங்களும் உதவும். அருவிக்கு வந்தவர்கள் வண்டியின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டில் இருந்தால், அதில் பதிவு எண், விளக்கு, பம்பர், சக்கரம் எல்லாம் தெரியும். அன்றிருந்த விளக்குதானா இன்றிருப்பது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீடு மாறும்போது குப்பை என்று எரிக்கப்படும் தாள்களில் வண்டியின் மதிப்பில் ஒரு பெரும் பங்கு எரிந்துபோகிறது.

திருகாணி சொல்லும் சாட்சி

தாளில் பொய் எழுதலாம். பொருளில் எழுதுவது கடினம். ஒவ்வொரு தொழில் நுணுக்கமும் ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் வழக்குக்கு வந்தது. அந்தக் காலத்தை அறிந்தவருக்கு வண்டியே தன் வரலாற்றைச் சொல்லிவிடும்.

சாதாரணத் திருகாணியை எடுத்துக்கொள்வோம். தலையில் ஒற்றைக் கோடு உள்ள திருகாணி பழையது. கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள பிலிப்ஸ் திருகாணியை மோட்டார்த் தொழிலில் முதலில் கையாண்டவர்களுள் கேடிலாக் நிறுவனத்தார் அடங்குவர். அது 1936ஆம் ஆண்டு வாக்கில். எனவே '1930ஆம் ஆண்டு வண்டி, எதையும் தொடவே இல்லை' என்று சொல்லப்படும் ஒன்றின் கதவில் கூட்டல் குறித் திருகாணி இருந்தால், அந்தக் கதவைப் பின்னாளில் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார் என்பது உறுதி.

முலாமும் அப்படியே. ரேடியேட்டர்க் கூடு, விளக்கு வளையம் முதலியவற்றுக்கு 1920களின் பிற்பகுதிவரை நிக்கல் முலாமே பூசினார்கள். அதன்பின்தான் குரோமிய முலாம் பரவியது. நிக்கலில் இளமஞ்சள் சாயல் தெரியும். குரோமியத்தில் நீலச் சாயல் தெரியும். 1925ஆம் ஆண்டு வண்டியில் நீலச் சாயல் பளிச்சிட்டால் அது மறுமுலாம்.

வண்ணப் பூச்சில் வேதியியல் துணைக்கு வருகிறது. தொடக்க காலத்தில் வார்னிஷ் கலந்த பூச்சு காய்வதற்கு வாரக் கணக்கில் ஆகும். 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வந்தது. அது விரைவில் காய்ந்தது. நைட்ரோசெல்லுலோஸ் அசிட்டோனில் கரையும். இன்று பட்டறைகளில் அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு அவ்வளவு எளிதில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத மூலை ஒன்றில் பஞ்சை நனைத்து ஒற்றினால் பூச்சின் காலம் ஓரளவு புலப்படும். அத்தகைய மூலையில் சிறிதளவு சாய்வாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் இருப்பதே முதல் வண்ணம்.

இயந்திர நுணுக்கங்களுக்கும் ஆண்டுகள் உண்டு. மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் செல்ப் ஸ்டார்ட்டர் கேடிலாக்கில் 1912இல் வந்தது. கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் இணையச் செய்யும் சின்க்ரோமெஷ் அமைப்பு அதே நிறுவனத்தின் வண்டிகளில் 1928இல் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை டூசன்பெர்க் 1920களின் தொடக்கத்திலேயே பயன்படுத்தியது. கேடிலாக்கில் அது வர 1936 ஆயிற்று. முழுவதும் எஃகுத் தகட்டாலான கூரை ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1935ஆம் ஆண்டு மாடல்களில் வந்தது. அதற்கு முன் கூரையின் நடுப்பகுதியைத் துணியாலும் மரத்தாலும் மூடினார்கள். கண்ணாடியும் விளக்கும் ஒரே துண்டாக மூடப்பட்ட 'சீல்டு பீம்' விளக்கு அமெரிக்காவில் 1940 மாடல்களில் வந்தது. இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்து ஒரு வண்டியைச் சுற்றிவந்தால், எது முதலில் இருந்தது, எது பின்னர் வந்தது என்று பட்டியல் போட்டுவிடலாம்.

சாரலும் துருவும்

அசல் என்று தெரிந்தபின் அதன் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய் வழியே தூவும் சாரல் மனிதருக்கு இன்பம்; இரும்புக்குத் துன்பம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். மாதக் கணக்கில் ஈரக் காற்று சூழ்ந்திருக்கும் கொட்டகையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சில உயர்வகை வண்டிகளின் கூடு அலுமினியத் தகட்டாலானது. அது எஃகோடு சேருமிடத்தில் ஈரம் தங்கினால் ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும்.

வெளியில் தெரியாத கேடு மரத்தில்தான். அக்கால வண்டிகளின் கூடு பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. மரம் இற்றுவிட்டால் கதவு தொங்கும். சாத்தும்போது நிலையில் சரியாக உட்காராது. கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தாலே சட்டத்தின் நிலை தெரிந்துவிடும்.

தகட்டைச் சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். துணியில் சுற்றி எஃகுக் கூட்டின்மேல் நகர்த்தினால், பட்டி கனமாக அப்பிய இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். அலுமினியக் கூட்டில் எங்குமே ஒட்டாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நெடுங்காலம் நின்ற எஞ்சினைப் பேட்டரி கொடுத்து உடனே கிளப்பிப் பார்ப்பது ஆபத்து. சிலிண்டரில் துரு இருந்தால் பிஸ்டன் வளையம் உடையும். முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அடித்தொட்டியின் எண்ணெயை வடித்து, அதில் வெள்ளி நிறத் துகள்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அக்கால எஞ்சின்களில் பேரிங்குக்கு வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்தார்கள். துகள் மிகுந்திருந்தால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கணக்குப் போடுவோம்

இனி விலைக்கு வருவோம். அரிதாக இருப்பதாலேயே ஒரு வண்டி விலைபெறுவதில்லை. அரிதான பொருளை விரும்புவோரும் இருக்க வேண்டும். 1935இல் டூசன்பெர்க் நிறுவனம் சேசிஸைக் குறுக்கி இரண்டே இரண்டு 'எஸ்.எஸ்.ஜே.' வண்டிகளைச் செய்தது. ஒன்று நடிகர் கேரி கூப்பரிடமும் மற்றொன்று நடிகர் கிளார்க் கேபிளிடமும் இருந்தன. கூப்பரின் வண்டி 2018 ஆகஸ்டில் அமெரிக்க ஏலத்தில் 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு விற்றது. அதே நிறுவனத்தின் மற்ற 'ஜே' வண்டிகள் அந்த விலைக்கு அருகில்கூட வருவதில்லை. மிகச் சிறிய எண்ணிக்கை, புகழ்பெற்ற உரிமையாளர், கலப்பில்லாத அடையாளம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் வந்த விலை அது. ஏலச் செய்தியைப் படித்துவிட்டு நம் வண்டிக்கும் அதே விலை கேட்பது பொருந்தாது.

கூட்டின் வகையும் முக்கியம். கூரை திறக்கும் இருவர் வண்டிக்குத் தேவை அதிகம். நான்கு கதவு மூடிய வண்டிக்குக் குறைவு. ஆனால் பழுதுபார்க்கும் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு காண்போம். முழுமையாகச் செப்பனிட்ட திறந்த வண்டியின் விலை 100 பங்கு என்க. மூடிய வண்டியின் விலை 40 பங்கு என்க. செப்பனிடும் செலவு இரண்டுக்கும் 50 பங்கு. இப்போது பழுதான நிலையில் திறந்த வண்டிக்கு 50 பங்குவரை கொடுக்கலாம். மூடிய வண்டியையோ இலவசமாகப் பெற்றாலும் 10 பங்கு நட்டம்!

இந்தச் சிறு கணக்கு ஒரு பெரிய வரலாற்று உண்மையை விளக்குகிறது. மூடிய வண்டிகள் பல உதிரிப் பாகங்களுக்காகக் கலைக்கப்பட்டன. சிலவற்றின் அசல் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, திறந்த கூட்டின் நகலை ஏற்றி விற்றார்கள். எஞ்சின் உண்மை, சேசிஸ் உண்மை, கூடு மட்டும் பொய். எண்களையும் பொருளையும் ஒப்பிடாமல் விலை பேசுவோர் இத்தகைய வண்டிக்கு உண்மை விலையைக் கொடுத்துவிடுவார்கள்.

புதுப்பிப்பதா, காப்பதா?

வண்டியைப் புத்தம் புதிதாக ஆக்கிவிட்டால் விலை ஏறும் என்பது பரவலான எண்ணம். முன்பு அது பெருமளவுக்கு உண்மை. இன்றோ, மங்கிய முதல் வண்ணத்தோடும், கிழிந்தாலும் அசலான தோல் இருக்கையோடும் கிடைக்கும் வண்டிக்கு ஆர்வலர் பலர் தனி மதிப்புத் தருகிறார்கள். டிங்கரிங் வேலையை இன்னொரு முறை செய்யலாம். பெயிண்டையும் இன்னொரு முறை அடிக்கலாம். அசல் நிலை போய்விட்டால் திரும்பாது.

அதற்காகப் பழுது பார்க்கவே கூடாது என்பதில்லை. தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் அடிகளை வணங்குவதாக அவன் கல்வெட்டிலேயே பொறித்துவைத்தான். கோபுரம் சிதைந்தது, நெடுங்காலம் மொட்டையாக நின்றது, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. இன்றைய கோபுரத்தைப் பாண்டியன் கட்டியது என்று யாரும் சொல்வதில்லை. கோயிலின் பழமையை யாரும் மறுப்பதும் இல்லை. எது பழையது, எது புதியது என்பது பதிவாகியிருப்பதால் இரண்டுக்கும் மதிப்பு நிற்கிறது. வண்டிக்கும் இதுவே நெறி. டீசல் எஞ்சின் வைத்த வண்டியை 'டீசல் எஞ்சின் வைத்தது' என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பழைய வண்டி. அதே வண்டிக்கு எங்கிருந்தோ ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவந்து, எண்ணை மாற்றிப் பொறித்து, 'அசல்' என்று விற்றால் அது மோசடி.

நம் நாட்டுச் சட்டமும் இந்த அசல்தன்மையையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் அடங்கும். ஆனால் வண்டி தன் முதல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சேசிஸிலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அத்தகைய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண் உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

எனவே, உங்கள் ஊரில் அத்தகைய வண்டி ஒன்று கொட்டகையில் நிற்குமானால் உரியவர்களிடம் நீங்கள் சொல்லத்தக்கவை சில உண்டு. கழுவுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துவைக்க வேண்டும். எண்களைத் தேய்க்காமல் பென்சில் படி எடுக்க வேண்டும். கழற்றிய பாகம் உடைந்ததாக இருந்தாலும் எறியாமல், பெயர் எழுதிக் கட்டிவைக்க வேண்டும். வண்டியை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே, என்ன மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளை நேரில் கண்டு பழக விரும்புவோர் கோவையில் 2015 முதல் இயங்கிவரும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவரலாம்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான். ஆனால் விலை பேசும் நாளில், புதிய பெயிண்டைவிட அந்த நோட்டுப் புத்தகமே அதிகம் பேசும்.